சாய்தளம் ஏறிய பிறகு

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் புறநகர் ரயிலில் திருவள்ளூர் தாண்டியதும் கூட்டம் குறைந்துவிடும். கடம்பத்தூர், செஞ்சி பானம்பாக்கம், மணவூர் என்று சிறு நிலையங்களைக் கடந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் திருவாலங்காடு வருகிறது. நிலையத்திலிருந்து ஊருக்கு இன்னும் சில கிலோமீட்டர் போக வேண்டும். வழியில் நெல்லும் கரும்பும். திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை என்று பெயர் இருந்தாலும் ஆலை நிற்பது இந்த ஊரில்தான். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் வடாரண்யேசுவரரைப் பார்க்க வருகிறார்கள். ஐம்பெரும் சபைகளில் இரத்தின சபை இது. காலைத் தலைக்கு மேலே தூக்கி இறைவன் ஆடிய ஊர்த்துவ தாண்டவத் தலம். காரைக்காலம்மையார் தலையால் நடந்து வந்த மண் என்பதால் காலால் மிதிக்க ஞானசம்பந்தர் தயங்கினார் என்பது ஊர் ஐதிகம். பள்ளிக் கல்வியில் அக்கறை உள்ளவர்கள் இங்கே வருவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களில் திருவாலங்காடும் ஒன்று. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்வி பற்றித் தலைநகரங்களில் எழுதப்படும் கொள்கைகள் எல்லாம் கடைசியில் இப்படிப்பட்ட ஒரு ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில்தான் வந்து இறங்குகின்றன. அங்கே பலித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் வாசலைத் தாண்டும் முன்பே கண்ணில் படுவது சாய்தளம். சிமென்ட் பூசி, ஒரு பக்கம் இரும்புக் கைப்பிடி வைத்து, வகுப்பறை வாசல் வரை ஏறுகிறது. சக்கர நாற்காலிக்கு அது கட்டாயம் வேண்டும். அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. பள்ளிகள் ஆண்டுதோறும் நிரப்பித் தரும் யுடைஸ் படிவத்திலும் சாய்தளம் உண்டா, கைப்பிடி உண்டா, சிறப்புக் கழிப்பறை உண்டா என்ற கேள்விகள் இருக்கின்றன. சேர்க்கை எண்ணப்படுகிறது, கட்டுமானம் எண்ணப்படுகிறது. சாய்தளம் ஏறி உள்ளே போன குழந்தை போன மாதத்தைவிட இந்த மாதம் என்ன கூடுதலாகக் கற்றது என்று அந்தப் படிவம் கேட்பதில்லை. சிறப்புக் கல்வி ஆய்வுகள் அரை நூற்றாண்டாகச் சொல்லிவருவது இந்தக் கேள்வியைத்தான் என்பது என் வாதம். குழந்தை எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட, அதன் கற்றலை வாரம் தவறாமல் ஒருவர் அளந்து, அளந்ததற்கேற்பப் பாடத்தை மாற்றுகிறாரா என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

கட்டடத்தைப் பற்றிய விவாதம் பழையது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி 1890இல் தொடங்கியது. காது கேளாதோருக்கான பள்ளியும் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதே ஊரில் வந்துவிட்டது. அவை இல்லாதிருந்தால் அந்தக் குழந்தைகளுக்குப் பள்ளியே இருந்திருக்காது. பிறகு 1968இல் அமெரிக்காவில் லாயிட் டன், இலேசான அறிவுத்திறன் குறைபாடு என்று முத்திரை குத்தித் தனி வகுப்பில் அடைப்பதற்கு நியாயம் உண்டா என்று கேட்டு எழுதினார். தனி வகுப்புகளை வளர்த்தெடுத்த துறையின் உள்ளிருந்தே எழுந்த குரல் அது. இந்தியாவில் 1974இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்தது. 1994இல் ஸ்பெயினின் சாலமான்கா நகரில் கூடிய உலக மாநாடு, எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளியே என்ற கொள்கையை அறிவித்தது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையே உரிமையாக்கியது. உரிமை என்ற அளவில் இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஊர்க் குழந்தைகளோடு ஊர்ப் பள்ளியில் படிப்பதற்கு ஆய்வு முடிவின் அனுமதி எந்தக் குழந்தைக்கும் தேவையில்லை. ஆனால் கற்றல் என்ற அளவில், இடம் மட்டும் மாறினால் என்ன ஆகும்? 2022இல் காம்ப்பெல் கூட்டமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு இதற்கு நேரான விடை தருகிறது. பொது வகுப்பில் சேர்ப்பது மட்டுமே சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் படிப்பைச் சராசரியாக உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை என்பதே நினா டால்கார்டும் அவர் குழுவினரும் கண்ட முடிவு. இதைச் சிலர் பொதுப் பள்ளிக்கு எதிராகவும், சிலர் சிறப்புப் பள்ளிக்கு எதிராகவும் எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்குத் தெரிவது, கட்டடத்தின் பெயர்ப்பலகை பாடம் நடத்தாது என்பதுதான்.

அப்படியானால் பாடம் நடத்துவது எது? மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டெனோ 1970களில் ஒரு முறையை உருவாக்கினார். கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கும். வாரம் ஒன்றிரண்டு முறை, வகுப்பின் தரத்துக்கேற்ற ஒரு பத்தியைக் கொடுத்துக் குழந்தையை ஒரு நிமிடம் உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். சரியாகப் படித்த சொற்களை எண்ணிக் கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஆண்டு முடிவில் எட்ட வேண்டிய இலக்கு வரை முன்கூட்டியே ஒரு கோடு இழுத்திருப்பார்கள். தொடர்ந்து நான்கு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால் ஆசிரியர் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும். குழந்தை மாறும் வரை காத்திருப்பதற்கு இதில் இடமில்லை; மாற வேண்டியவர் ஆசிரியர். லின் ஃபுக்ஸும் டக்ளஸ் ஃபுக்ஸும் 1986இல் இத்தகைய 21 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது விளைவின் அளவு 0.70 என்று வந்தது. 100 பேர் கொண்ட வரிசையில் நடுவில் நின்ற குழந்தை 24ஆம் இடத்துக்கு முன்னேறுகிறது என்று இதற்குப் பொருள். சிறப்புக் கல்வியில் இவ்வளவு பெரிய எண் எளிதில் கிடைப்பதில்லை. அதே ஆய்வின் உள்விவரம் இன்னும் முக்கியமானது. புள்ளிகளைப் பார்த்து எப்போது மாற்றுவது என்பதற்கு விதி வைத்துக்கொண்ட ஆசிரியர்களிடம் விளைவு 0.91, சொந்த மதிப்பீட்டுக்கு விட்டவர்களிடம் 0.42. அளவைப் படமாக வரைந்தால் 0.70, வெறுமனே ஏட்டில் எழுதி வைத்தால் 0.26. பதிவேடு நிரப்புவதாலேயே பயன் விளைந்துவிடுவதில்லை. பதிவேடு ஆசிரியரின் கையைப் பிடித்து அடுத்த வாரப் பாடத்தைத் திருப்பினால்தான் விளைகிறது. நம் பள்ளிகளில் பதிவேடுகளுக்குப் பஞ்சமே இல்லை என்பதால் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திருவாலங்காட்டிலிருந்து கனகம்மாசத்திரம் போய் சென்னை–திருப்பதி சாலையைப் பிடித்தால், திருத்தணியை நெருங்க நெருங்கக் கடைப் பலகைகளிலும் பஸ் நிறுத்தப் பேச்சிலும் தெலுங்கு கலந்து வரும். திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாகத்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கோடு மாறியதால் வீட்டுப் பேச்சு மாறிவிடவில்லை. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கத்து விசைத்தறிக் குடும்பங்களில் வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் என்று வளரும் குழந்தைகள் பலர். மாவட்டத்தின் செங்கல் சூளைகளில் ஒடியா பேசும் குழந்தைகளும் இருக்கிறார்கள். அளப்பது முக்கியம் என்று சொல்லிவிட்டால் உடனே எழும் கேள்வி, எந்த மொழியில் அளப்பது?

ஒரு குழந்தை தமிழ் படிப்பதை அருகில் இருந்து கவனித்தால் இந்தக் கேள்வியின் எடை விளங்கும். ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது, நடுவில் ககரம்; ஒலியோ ககரத்துக்குப் பிறகுதான் வருகிறது. கண் பார்க்கும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் வேறு. இப்படி 247 எழுத்துகள். கன்னடக் குழந்தைகளை வைத்து 2007இல் சோனாலி நாக் வெளியிட்ட ஆய்வு, நம் வகை எழுத்துகளைக் குழந்தைகள் முழுதாகப் பிடிக்க நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று காட்டியது. 26 எழுத்து ஆங்கிலத்துக்கு வகுத்த கால அளவை வைத்துப் பார்த்தால், நன்றாகக் கற்றுவரும் தமிழ்க் குழந்தையும் பின்தங்கியதாகத் தெரியும். இதன்மேல் தெலுங்கு வீட்டுக் குழந்தையை வைத்துப் பாருங்கள். அதன் மொழியில் ‘க’வுக்கு ஓர் எழுத்து, அதன் மெல்லிய ஒலிக்கு வேறோர் எழுத்து, தமிழில் இரண்டுக்கும் ஒன்றே. ழகரம் அதன் வீட்டுப் பேச்சில் இல்லை. திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரின் பெயரை அது ‘பளையனூர்’ என்று படித்தால் அது கற்றல் குறைபாடு அல்ல, மொழிப் பழக்கம். ஆனால் அதே குழந்தை தெலுங்கில் பேசும்போதும் ஒலிகளைப் பிரித்துக் கேட்க முடியாமல் திணறினால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி. இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, குழந்தையின் மொழியிலும் சோதித்துப் பார்ப்பதுதான். கலிஃபோர்னியாவில் 1970இல் முடிந்த டயானா வழக்கு இதற்குச் சான்று. வீட்டில் ஸ்பானிய மொழி பேசிய ஒன்பது குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து, அறிவுத்திறன் குறைந்தவர்கள் என்று தனி வகுப்பில் போட்டிருந்தார்கள். அவர்களின் மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே அல்ல என்று தெரிந்தது. நம் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் 2016இல் 21 ஆனபோது குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் சேர்ந்தது. நல்ல மாற்றம்தான். எல்லையோர வட்டாரங்களில் அந்தப் பெயரைத் தவறான குழந்தைமேல் ஒட்டிவிடாமலும், உரிய குழந்தையை ‘தெலுங்குப் பிள்ளை, அப்படித்தான் படிக்கும்’ என்று விட்டுவிடாமலும் இருக்க வேண்டிய பொறுப்பும் கூடவே வந்திருக்கிறது.

இதற்கெல்லாம் ஆசிரியருக்கு நேரம் எங்கே என்பது முதல் ஆட்சேபம். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு என்று நடக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியைப் பார்த்தவர் யாரும் இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இதற்கான விடை ஏற்கெனவே நம் பள்ளிகளுக்குள் ஒரு முறை வந்து போயிருக்கிறது. அதுவும் பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்தே வந்தது. மதனப்பள்ளியை அடுத்த ரிஷி வேலியில் பத்மநாப ராவும் ராமாவும் கிராமப் பள்ளிகளுக்காகப் பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணி போல வரிசைப்படுத்தினார்கள். அதைப் பார்த்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. ஆசிரியர் துணையோடு கற்போர், சக மாணவர் துணையோடு கற்போர், தானே கற்போர் என்று குழந்தைகள் தரையில் வட்டம் வட்டமாக உட்காருவார்கள். சுவரில் உள்ள ஏணிப் படத்தைப் பார்த்துத் தன் படி எது என்று குழந்தையே அட்டையை எடுத்துவரும். காய்ச்சலில் பத்து நாள் வராத குழந்தை விட்ட படியிலிருந்து தொடரலாம். வலிப்பு நோயாலோ சிகிச்சைக்காகவோ அடிக்கடி விடுப்பு எடுக்கும் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு உண்டா? சிறப்புக் குழந்தைகளுக்காக உருவாக்கியதல்ல அது. ஆனால் சிறப்புக் கல்வி ஆய்வு கேட்கும் இரண்டையும், அதாவது சிறு படிகளையும் படிக்குப் படி மதிப்பீட்டையும், பொது வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்தது. பின்னாளில் அதைச் சுருக்கி எளிமையாக்கி மங்கவிட்டது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. அந்த நிலைகளுக்குள் சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்கு வாரப் புள்ளி வைப்பது புதிய சுமை ஆகாது. ஒரு வகுப்பில் அப்படி அளக்க வேண்டியவர்கள் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். ஒருவருக்கு ஒரு நிமிடம்.

இன்னோர் ஆட்சேபம் இதைவிட ஆழமானது. படிப்பில் பின்தங்கும் குழந்தைக்கு இது சரி. பேச்சே வராத, எழுந்து உட்கார முடியாத, காது கேட்காத குழந்தைக்கு ஒரு நிமிட வாசிப்பு என்ன செய்யும்? உண்மைதான். காது கேளாத குழந்தைக்குத் தன்னைப் போல் சைகை மொழி பேசும் தோழர்கள் வேண்டும். ஊருக்கு ஒரு குழந்தை என்று பொதுப் பள்ளியில் தனியாக உட்கார்ந்தால் அதற்கு மொழியே கிடைக்காது. ஆகையால் அவர்களுக்கான உறைவிடப் பள்ளிகள் வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால் அளத்தல் என்பது வாசிப்பு மட்டும் அல்ல. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் இதைக் காட்டியிருக்கிறது. வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் வீட்டுக்கே களப்பணியாளர் போகிறார். கழுத்து நிற்கிறதா, பொருளைக் கை பிடிக்கிறதா, அம்மா கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பார்த்துக் கைபேசிச் செயலியில் பதிகிறார். தொலைவில் உள்ள சிகிச்சை வல்லுநர் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறார். திட்டத்தின் பாதி வேலை தாய்க்குக் கற்றுக்கொடுப்பதுதான். சென்னையில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா, காது கேளாத குழந்தைகளை ஐந்து வயதுக்கு முன்பே எடுத்துக்கொண்டு, தாயையும் வகுப்பில் உட்காரவைத்துப் பேசப் பயிற்றுவிக்கிறது. சைகையா பேச்சா என்பதில் இரு தரப்பும் மோதட்டும். சீக்கிரம் தொடங்க வேண்டும், அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதில் மோதல் இல்லை. ஆனால் நம் நாட்டில் ஐந்து வயது மாற்றுத்திறனாளிக் குழந்தைகளில் 75 சதவீதம் பேர் எந்தக் கல்வி நிலையத்திலும் இல்லை என்று 2019இல் யுனெஸ்கோ அறிக்கை சொன்னது. ஒன்றாம் வகுப்பில் சேரும் நாள்வரை காத்திருப்பதிலேயே பாதி வாய்ப்பு போய்விடுகிறது.

அறுபத்து மூவர் வரிசை வைத்த சிவன் கோயில்களில் எல்லாம் தண்டியடிகள் நிற்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்; திருவாரூர்க் குளத்தைத் தூர்வாரி அகலப்படுத்த விரும்பியவர். குளத்துக்குள் ஒரு தறி நட்டு, கரையில் ஒரு தறி நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்து கொட்டினார் என்று சேக்கிழார் சொல்லும் வரலாறு நாம் அறிந்தது. கதை கேட்பவர்கள் முடிவில் அவருக்குப் பார்வை கிடைத்த அற்புதத்தைத்தான் நினைவில் வைக்கிறார்கள். சிறப்பாசிரியர் ஒருவர் அந்தக் கயிற்றைத்தான் பார்ப்பார். பார்வை வரும்வரை வேலை நிற்கவில்லை. இடத்தைக் கைக்கு எட்டும்படி ஒருவர் அமைத்துக்கொண்டார், வேலை நடந்தது. இன்றைய வீட்டுவழிக் கல்வியில் படுக்கையில் இருக்கும் குழந்தையைத் தேடிப் போகும் சிறப்புப் பயிற்றுநரும், இயன்முறை மருத்துவரும் செய்வது அதுதான்.

அந்தப் பயிற்றுநர்கள் எத்தனை பேர், எந்த நிலையில் வேலை பார்க்கிறார்கள் என்பதில் வந்து முட்டுகிறது எல்லாம். வெளிநாட்டு ஆய்வு நம் நிலைமைக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இதற்கான அமைப்பை இந்தியாவே யோசித்து வைத்திருக்கிறது. 1987இல் யுனிசெஃப் துணையோடு என்.சி.இ.ஆர்.டி. நடத்திய மாற்றுத்திறனாளிகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் நடந்தது. அதன் அலகு தனிப் பள்ளி அல்ல, ஒரு வட்டாரம். அந்த வட்டாரத்தின் எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரு வாரப் பயிற்சி, பத்தில் ஒருவருக்கு ஆறு வாரம், எட்டுப் பத்துப் பேருக்கு மட்டும் ஓராண்டு முழுப் பயிற்சி. கோவை ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் பணியாற்றிய எம்.என்.ஜி. மணி போன்றவர்கள் ஒரே சிறப்பாசிரியர் பலவகைக் குறைபாடுள்ள குழந்தைகளைக் கிராமப் பள்ளிகளில் எப்படிக் கையாள்வது என்று எழுதியும் செய்தும் காட்டினார்கள். இந்த அறிவு இங்கேயே பிறந்தது. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், தொடக்க வகுப்புகளில் பத்துக் குழந்தைகளுக்கும் மேல்வகுப்புகளில் பதினைந்து குழந்தைகளுக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று விகிதமே வகுத்துவிட்டது. நிரந்தரப் பணியிடங்கள் நிரம்பும்வரை பள்ளிக்குப் பள்ளி போய்வரும் ஆசிரியர்களை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. நம் வட்டார வள மையங்களில் நடப்பது அந்த இடைக்கால ஏற்பாடுதான். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் நீண்டு, தொகுப்பூதியத்தில் வேலை பார்ப்பவர்களின் வாழ்க்கையாகவே ஆகிவிட்டது. ஒன்றியம் முழுவதும் சிதறிக் கிடக்கும் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் பஸ் ஏறி அலையும் ஒருவர், ஒரு குழந்தையை மாதம் ஓரிரு முறை பார்ப்பதே அரிது. ஊதியமும் நிச்சயமில்லாதபோது நல்லவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களோடு அந்தக் குழந்தையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததும் போய்விடுகிறது. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அளக்கத் தொடங்கினால் குழந்தை ஓர் எண்ணாகிவிடும் என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. தேர்ச்சி விகிதத்தைத் துரத்திக் குழந்தைகளை வதைக்கும் பள்ளிகளைப் பார்த்த மாநிலத்தில் அந்த அச்சம் நியாயமானது. ஆனால் இந்த அளவு குழந்தையைக் குழந்தையோடு ஒப்பிடுவதில்லை. போன வாரத்துக் குழந்தையை இந்த வாரத்துக் குழந்தையோடு ஒப்பிடுகிறது. ரேங்க் இல்லை, சுவரில் ஒட்டுவதில்லை. பார்க்கப்போனால் அளக்காமல் விடுவதுதான் இன்றைக்குக் குழந்தைகளை வெறும் எண்ணாக வைத்திருக்கிறது. சேர்க்கைப் பட்டியலில் ஒரு எண்ணாக. எட்டாம் வகுப்புவரை பள்ளிக்கு வந்தும் தன் பெயரை எழுதத் தெரியாத குழந்தைக்கு வருகைப் பதிவேடு நூறு சதவீதம் காட்டும்.

திருத்தணி மலைக்கு ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகள். மேலே வண்டி போகும் சாலையும் உண்டு என்பதால் படியேற முடியாதவரும் முருகனைப் பார்த்துவிடுகிறார். ஆசிரியர் தினம் யார் பிறந்தநாளில் வருகிறதோ அந்த ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்தது இந்த ஊரில். செப்டம்பர் 5 அன்று இந்த வட்டாரத்தில் விழா எடுப்பவர்கள், பள்ளி பள்ளியாக அலையும் சிறப்புப் பயிற்றுநரை மேடையில் உட்காரவைத்தால் நல்லது. அவர் பணியிடத்தை நிரந்தரமாக்கச் சொல்லித் தீர்மானம் போட்டால் இன்னும் நல்லது. அதற்கு விழாவரை காத்திருக்கவும் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உங்கள் ஊர்ப் பள்ளியின் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தை ஒவ்வொன்றும் போன மாதம் எந்தப் படியில் இருந்தது, இந்த மாதம் எந்தப் படியில் இருக்கிறது, எந்த மொழியில் பார்த்தீர்கள், முன்னேற்றம் இல்லாவிட்டால் கற்பிப்பதில் எதை மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். சிறப்பாசிரியர் இல்லை என்பது பதிலானால், அதையும் எழுதி வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.